பிள்ளையை வாங்கிக்கொண்ட சந்து

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்தையா எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஆபீஸுக்கு டிரான்ஸ்ஃபரில் வந்திருக்கும் இளைஞர். கூடவே மனைவி, மனைவியின் தோளில் கைக்குழந்தை. புதுக்கோட்டையில் வீடு தேடுகிறார்களாம்.

“எந்த ஏரியா சார் நல்லாருக்கும்? அமைதியா இருக்கணும். தனிக் கிணறு வேணும். அக்கம்பக்கத்துத் தொந்தரவு கூடவே கூடாது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே காபி கலந்துகொண்டிருந்த என் மனைவி சிவகாமியும் சிரிப்பது கேட்டது. எங்கள் உமா கைக்குழந்தையாக இருந்தபோது நான் சொன்ன அதே வசனம்!

அப்போது அன்னவாசலில் குடியிருந்தோம். சிவகாமிக்கு இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலை. தினமும் பஸ்ஸில் போய்வருவாள். பிள்ளை பிறந்த பிறகு அது நடக்குமா? பள்ளிக்குப் பக்கத்தில் குடிவந்தால் மத்தியான பெல் அடித்ததும் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். சரி... மற்ற நேரம் யார் பார்ப்பது? எங்கள் இரண்டு பேர் வீட்டுப் பெரியவர்களும் வந்து தங்க முடியாத நிலைமை. லீவோ மாசக் கடைசியோடு முடிகிறது. வழி பிறக்காவிட்டால் வேலையை விடவேண்டியதுதான்.

சிவகாமியோ நோட்டுத் திருத்தும் சிவப்புப் பேனாவை அடிக்கடி எடுத்துத் துடைத்து வைப்பாள்.

முதலில் பார்த்த வீடு ஊருக்கு மேற்கே. புது வீடு. காற்றென்றால் அப்படியொரு காற்று. கொல்லையில் தனிக் கிணறு, தித்திப்புத் தண்ணீர். வீட்டுக்காரர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “புள்ள ராத்திரியில அழுமா?”

நான் அட்வான்ஸ் கொடுக்கிற அளவுக்குப் போய்விட்டேன். அழுகிற பிள்ளையோடு வாசலிலேயே நின்றிருந்த சிவகாமி, “வேணாங்க” என்றாள்.

“ஏன்? இந்த வீட்டுக்கு என்ன குறைச்சல்?”

“இம்புட்டு நேரமா புள்ள கத்துது. பக்கத்துல ஒரு சன்னலாவது தொறந்துச்சா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீடு பார்க்க வந்தோமா, சன்னலை எண்ண வந்தோமா?

அடுத்தது ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். பட்டப்பகலிலேயே அடுப்படியில் விளக்கு ஏற்றவேண்டும். கிணறு எல்லா வீட்டுக்கும் பொது. மனசுக்குள் திட்டிக்கொண்டே வெளியே வந்தால், சிவகாமி வெறுங்கையோடு நிற்கிறாள்.

“புள்ள எங்க?”

“அங்கிட்டு யாரோ தூக்கிட்டுப் போனாங்க.”

யாரோவா? பகீரென்றது. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். மாவாட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிதானமாகச் சொன்னார்: “இங்கனதான் இருந்துச்சு. கண்ணுபடுமேன்னு மைப்பொட்டு வச்சேன். எதுத்த வீட்ல வாங்கிட்டுப் போனாக.”

எதிர் வீட்டில், “திருநீறு பூசுனோம், கொஞ்சம் சிரிச்சா. கெணத்தடியில பாருங்க” என்றார்கள்.

கிணற்றடியில் ஆவூர்ப் பக்கத்திலிருந்து வந்து அந்தச் சந்தில் குடியிருக்கும் அம்மாள் ஒருவர், பெயர் ஆரோக்கியம், உமாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். கன்னத்தில் மை, நெற்றியில் திருநீறு. அதன்மேலேயே கட்டைவிரலால் ஒரு சிலுவையும் போட்டார். மேற்கே தொண்டை கிழியக் கத்திய பிள்ளை, இங்கே அரைத் தூக்கத்தில் இருந்தாள்!

“எப்பங்க குடி வாரீங்க?” என்றார் ஆரோக்கியம். ஏதோ எல்லாம் பேசி முடித்ததுபோல.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலேயே வந்த சிவகாமி கேட்டாள்: “நான் ஸ்கூலுக்குப் போகணுங்க அக்கா. புள்ளைய...”

“போயிட்டு வாங்க டீச்சர். எங்க வீட்ல நாலு கெடக்கு, அதோட இதுவும் இருந்துட்டுப் போகுது. என் மகளுக்குக் கணக்குதான் ஏறமாட்டேங்குது, அதை மட்டும் நீங்க பாத்துக்கங்க.”

சிவகாமி அங்கேயே அழுதுவிட்டாள். நானும் வேறு பக்கம் திரும்பி, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதுபோல் நின்றேன்.

அந்தச் சந்தில்தான் இன்றும் இருக்கிறோம். அமைதியா? ஒரு பேப்பரை முழுசாகப் படிக்க விடமாட்டார்கள். ஆனால் சிவகாமி ஒருநாளும் பள்ளிக்கு லேட்டாகப் போனதில்லை. ஆரோக்கியத்தின் மகள் கணக்கில் பாஸாகி மேல்வகுப்புக்குப் போய்விட்டாள். உமா எந்த வீட்டில் சாப்பிட்டாள் என்பதைக் கையை மோந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறோம். வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்?

இதையெல்லாம் முத்தையாவுக்கு விளக்கி, “வீடு பார்க்கப் போனா குழந்தையையும் தூக்கிட்டுப் போங்க. யார் கை நீட்டுறாங்கன்னு பாருங்க” என்றேன். அவர் நம்பாமல் தலையாட்டினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுந்தே விட்டார்.

“சார்... குழந்தை எங்க?”

ஆரோக்கியம் எப்போது வந்து தூக்கிக்கொண்டு போனாரோ, எனக்கே தெரியாது. முத்தையாவின் மனைவி மட்டும் பதறவில்லை. வெறும் கையில் காபியை வாங்கிக்கொண்டு, பல நாளைக்கப்புறம் சூடாகக் குடிப்பவள்போல ஆசையாக ஒரு வாய் குடித்தாள். சிவகாமி பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்:

“இந்தச் சந்துல காலி வீடு ஏதாவது இருக்குங்களா அக்கா?”

கிணறு எப்படி என்று அவள் கேட்கவே இல்லை.