ஆண் சிலந்தியே இல்லாத முந்திரித் தோப்பு

என் மனைவி சிதம்பரத்தில் விலங்கியல் முதுகலை படிக்கிறாள். நான் பன்னிரண்டாம் வகுப்பில் விலங்கியல் புத்தகத்துக்கு அட்டை போட்டதோடு சரி. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண போட்டோ எடுப்பது என் வேலை. தாய்மாமன் மகள் என்பதால் சின்ன வயதிலிருந்தே என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். மரியாதை அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. கடையில் சும்மா உட்கார்ந்திருந்த என்னைக் கேமராவோடு பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பெரிய மரச் சிலந்தி இருக்கிறது. கறுப்பு உடம்பில் மஞ்சள் கோடுகள், கால்களோடு சேர்த்தால் என் உள்ளங்கை அகலம். மழைக்காட்டில் இருக்க வேண்டியது, எப்படியோ நம் முந்திரி மரத்துக்கு வந்து தங்க நிறத்தில் வலை கட்டி வைத்திருந்தது. இந்தச் சிலந்தியின் ஆண், பெண் இரண்டின் உடலமைப்பையும் ஒப்பிட்டு எழுதுவதுதான் அவளுடைய கடைசி வருட ஆய்வு. தை முடிவதற்குள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் அடுத்த வருடம்.

“எத்தினி கண்ணு இருக்கு, எண்ணு மாமா.”

“எட்டு. எங்கம்மாவுக்கு ரெண்டுதான். ஆனா நான் தெருமுனையில நின்னாலே தெரிஞ்சிடும்.”

“இதுக்கு எட்டு இருந்தும் பார்வ கம்மி. எல்லாம் கால்லதான். வலை ஆடுறத வெச்சே என்னா மாட்டுச்சுன்னு கண்டுபுடிச்சிடும்.”

உடம்பு இரண்டே பாகம்தான் என்றாள். தலையும் நெஞ்சும் ஒட்டி ஒன்று, வயிறு ஒன்று. நடுவில் இடுப்பு நூல் மாதிரி. “என்னோட கழுத்தும் தோளும் ஒட்டித்தான் இருக்கு, என்னையும் எழுதிக்க” என்றேன். எழுதவில்லை.

இந்தச் சிலந்தியின் குடும்பத்தையே அறிஞர்கள் பலமுறை மாற்றிவிட்டார்களாம். முதலில் ஒரு குடும்பத்தில் வைத்து, பிறகு தனிக் குடும்பமாக்கி, மறுபடி பழைய குடும்பத்தோடு சேர்த்து, மறுபடி பிரித்து. எனக்கு இது மட்டும் உடனே புரிந்தது. கல்யாணமாகி எட்டு மாதமாக, இவள் பெயரை மாமா வீட்டு ரேஷன் கார்டிலிருந்து எடுத்து எங்கள் கார்டில் சேர்க்க நான் அலைந்துகொண்டிருந்தேன்.

தோப்பில் நான்தான் முன்னால் போவேன். முகத்தில் வலை ஒட்டினால் அவளுக்குப் பிடிக்காது. சிலந்தியைப் படிக்கிறவளுக்கு வலை பிடிக்காது, கேட்டால் முறைப்பாள். நான் ஒவ்வொரு வலையிலும் லைட் பார்த்து, இடத்தைச் சுத்தம் செய்து, படம் எடுத்துவிட்டுக் குரல் கொடுப்பேன். அவள் நோட்டோடு வந்து அளப்பாள். பெண் ஒன்று, ஆண் பூஜ்யம். அடுத்த வலை. பெண் ஒன்று, ஆண் பூஜ்யம்.

“ஆம்பள எப்டிதான் இருக்கும்?” என்று முதல் நாளே கேட்டிருந்தேன்.

“சின்னதா இருக்கும்.”

சின்னது என்றால் என் கணக்கில் பாதியாவது இருக்கும். அந்த அளவில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

நாலு வாரம் போனது. பொங்கல் முடிந்து அவள் தன் பேராசிரியையைப் பார்த்துவிட்டு வந்தாள். கைப்பையைக்கூடத் தோளிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்தாள்.

“ஆணே இல்லாம எப்டிம்மா ஒப்பிடுவ, அடுத்த வருஷம் பாத்துக்கன்னு சொல்லிட்டாங்க மாமா.”

“உடு. அந்தத் தோப்புல பொம்பளைங்க மட்டும் மகளிர் குழு நடத்துதுங்க போல.”

வழக்கமாக இதற்கு ஒரு பதிலடி வரும். அன்றைக்கு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஸ்டுடியோவுக்கு வந்து, எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டரில் காட்டச் சொன்னாள். காட்டினேன். வலைக்கு ஒரு படம், பளிச்சென்று, நடுவில் பெண் மட்டும். திரையின் ஓரத்தில் வேறொரு ஃபோல்டர் திறந்திருந்தது.

“இது என்னா?”

“டெஸ்ட். லைட்டு பாக்க மொதல்ல ஒண்ணு தட்டுவேன். அழிக்கணும்.”

அவள் ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். வலையின் மேல் பக்கம், செம்பழுப்பு நிறத்தில் அரிசி மணி அளவு ஒன்று உட்கார்ந்திருந்தது.

“இது?”

“அதுவா, குட்டிங்க. மண்டபத்துல பொண்ண நிக்க வெச்சா, பொடிப் பசங்க ஸ்டேஜ்ல ஏறி ஃபிரேமுக்குள்ள நிப்பானுங்கல்ல, அது மாதிரி. லென்ஸ் தொடைக்கிற பிரஷ்ஷால நவுத்தி எறக்கி உட்டுடுவேன்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“அது குட்டி இல்ல மாமா. மாப்ள.”

எனக்கு நாற்காலி சூடாக இருந்தது. எத்தனையோ மண்டபம் பார்த்தாயிற்று. மாப்பிள்ளையையே மேடையிலிருந்து இறக்கிவிட்டவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

“எத்தினி எடத்துல எறக்கி உட்ட?”

“எல்லா எடத்துலயும்.”

அவள் சிரித்தாளா அழுதாளா என்று சரியாகத் தெரியவில்லை. பிறகு சொன்னாள். படம் இருந்தால் எண்ணிக்கையைத் திருத்தலாம், ஆனால் உடலமைப்பு எழுத நிஜ ஆண் ஒன்று வேண்டும்.

விடிந்ததும் வண்டியை எடுத்தோம். தோப்பில் நாலைந்து பேர் நீளக் கழியால் புதரையும் வலையையும் அடித்துக்கொண்டிருந்தார்கள். முந்திரி பூ வைக்கும் நேரம், மரத்தடியைச் சுத்தம் செய்கிறார்கள்.

“அண்ணே, சிலந்தி எதுனா மிச்சம் இருக்குதா?”

கழி வைத்திருந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “புதுசா கல்யாணம் ஆனவங்களா? சினிமாவுக்குப் போவாம சிலந்தி தேடுறீங்க. கடைசி வரிச இன்னும் அடிக்கல. ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன், அதுக்குள்ள பாத்துக்குங்க.”

கடைசி வரிசையில் இரண்டு வலைகள். முதலாவது காலி. இரண்டாவதில் பெண் நடுவில் தலைகீழாக இருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, நம் ஆள்.

“ஊதிடாத” என்றாள்.

“மூச்சே உடல.”

“கை பட்டா நூல் உட்டுகிட்டுக் கீழ எறங்கும். நான் பாட்டில் புடிக்கிறேன். நீ மெதுவா ஒரு எலையால தொடு.”

தொட்டேன். இறங்கியது. பாட்டிலுக்கு வெளியே இறங்கியது. அவள் முகத்தில் வலை ஒட்டுவதையும் பார்க்காமல் குனிந்து, நூலையே பிடித்துப் பாட்டிலுக்குள் விட்டாள். முடியில் தங்க நூல் தொங்கியது. வாயைத் திறக்காமல் இருந்தேன். எனக்கு அது பெரிய விஷயம்.

சிலந்தி கெடாமலிருக்கப் பாட்டிலில் சாராயம் ஊற்றியபோது மட்டும் கொஞ்சம் பாவமாக இருந்தது.

சிதம்பரத்தில் மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கவிட்டாள். சிலந்தியின் வாய்க்கு இரண்டு பக்கமும் குட்டிக் கை மாதிரி இரண்டு. பெண்ணுக்கு அது ஒல்லியாக, வெறும் கையாக இருக்கும். ஆணுக்கு நுனி குமிழாக உருண்டு, அதிலிருந்து ஊசி முனை ஒன்று நீண்டிருக்கும். வயசுக்கு வந்த ஆண் என்பதற்கும், எந்த இனம் என்பதற்கும் அதுதான் அடையாளம்.

“ஒரு பக்கம் மொன இல்லியே.”

“ஒடஞ்சிருக்கு. பொண்ணோட சேர்ந்தப்ப ஒடஞ்சிருக்கும்.” அவள் ஸ்லைடைத் திருப்பினாள். “இந்தப் பக்கம் முழுசா இருக்கு. போதும் மாமா. இது ஒண்ணு போதும்.”

தை முடிய நாலு நாள் இருக்கும்போது அச்சடித்த ஆய்வேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பூஜ்யங்கள் போய் எண்கள் வந்திருந்தன. வழிமுறை என்ற பகுதியில் ஒரு வரியை விரலால் காட்டினாள். இங்கிலீஷில் இருந்தது.

“என்னா போட்டிருக்க?”

“படம் எடுத்தவர் ஆண் சிலந்திகளை வலையிலேருந்து அகற்றிட்டதால, எண்ணிக்கை சோதனைப் படங்கள்லேருந்து எடுக்கப்பட்டதுன்னு போட்டிருக்கேன்.”

“அத எடுத்துடேன். கல்யாண ஆர்டர் வராது.”

“நடந்தத மறைக்கக் கூடாது மாமா.”

“படம் எடுத்தவர் புருசன்னு போடலியே?”

“அத மறைச்சிட்டேன்” என்றாள்.