பி ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறிப்போன ஜாங்கிரி

நாய்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் வந்த முதல் நாள், காலை ஐந்தரை மணிக்கு ஒரு நாய் என் வாஷிங் மெஷின் மேல் ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது. பிஸ்கட் காட்டினேன். கெஞ்சினேன். துடைப்பத்தைத் தூக்கினேன். அது துடைப்பத்தை வாயில் பிடுங்கி வைத்துக்கொண்டது. கடைசியில் பழைய பழக்கத்தில் "டீ பிரேக்!" என்று கத்தினேன். துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் குதித்து இறங்கியது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் பெயர் ஸ்டெல்லா. ஒரகடத்தில் வயர் ஹார்னஸ் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். காருக்குள் ஓடும் வயர்களை எல்லாம் கொத்தாகக் கட்டி அனுப்பும் வேலை. லைன் லீடராக இருந்தபோது மணிக்கட்டு போய்விட்டது. டாக்டர் இனிமேல் முறுக்கக் கூடாது என்றார். வேலையை விட்டுவிட்டு படப்பையில் வீட்டோடு உட்கார்ந்தேன். மூன்றே வாரத்தில் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. அப்போது வந்ததுதான் ஜாங்கிரி.

1. ஊளை

பக்கத்து வீட்டு மாடியில் முத்துலட்சுமியும் அவள் புருஷன் கார்த்தியும் வாடகைக்கு இருந்தார்கள். இருவரும் திருநெல்வேலிப் பக்கம். அவள் நான் விட்டு வந்த அதே கம்பெனியில் டிரெய்னி. அவன் வேறு கம்பெனி. தெருவில் அடிபட்டுக் கிடந்த ஒரு குட்டியை எடுத்து வளர்த்தார்கள். செம்பழுப்பு நிறம், வால் ரெண்டு சுற்று சுற்றியிருக்கும். அதனால் ஜாங்கிரி.

இருவருக்கும் ஏ ஷிஃப்ட். ஐந்தே காலுக்கு பஸ் ஏறிவிடுவார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் ஜாங்கிரி ஊளையிட ஆரம்பிக்கும். முத்துலட்சுமி மூன்றே காலுக்கு வந்து இறங்கும்வரை நிறுத்தாது. வீட்டு ஓனர் கன்னியப்பன் ஒருநாள் மாடிப்படியில் நின்று கத்தினார்.

"இன்னாமா இது, பகல் பூரா ஊளை வுட்டுகினே கீது? பக்கத்து மனையப் பாக்க வர்ற பார்ட்டிங்கல்லாம் சாவு வூடுன்னு நெனச்சிகினு திரும்பிப் போறாங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள நாய் போவணும். இல்ல நீங்க போவணும்."

நான் முத்துலட்சுமியிடம், "ஆளுக்கொரு ஷிஃப்ட் மாத்திக்கலாமே" என்றேன்.

"அதையும் பாத்தாச்சுக்கா. நான் ஏ ஷிஃப்ட், அவுக பி ஷிஃப்ட். ரெண்டு மாசம் நாங்க ஒருத்தர் தூங்குற மூஞ்சியத்தான் ஒருத்தர் பாத்துக்கிட்டோம். எங்களுக்குக் கல்யாணம் ஆன விஷயமே இந்த நாய்க்கு மட்டுந்தான் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

"எங்கிட்ட விட்டுட்டுப் போ" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

2. பச்சை, மஞ்சள், சிவப்பு

கம்பெனி பஸ்ஸில் ஒரு செய்தி ஏறினால் அது எல்லா ஸ்டாப்பிலும் இறங்கும். நாலு மாதத்தில் என் வீட்டுக் காம்பவுண்டுக்குள் ஒன்பது நாய். மணிமங்கலத்திலிருந்துகூட ஸ்கூட்டரில் முன்னால் உட்கார வைத்துக் கொண்டுவந்து விட்டார்கள்.

எனக்குத் தெரிந்தது லைன் ஓட்டுவது மட்டும்தான். அதையே செய்தேன். அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் போட்டேன். மணிக்கொரு தடவை தலை எண்ணினேன். கழுத்துப் பட்டையில் கலர் கலராக இன்சுலேஷன் டேப் சுற்றினேன். பச்சை என்றால் சமத்து. மஞ்சள் என்றால் ஓடிப்போகும். சிவப்பு என்றால் கடிக்கும். சாயங்காலம் நாயின் ஓனர் வந்ததும் ஷிஃப்ட் ஹேண்ட்ஓவர் மாதிரி சொல்லி ஒப்படைப்பேன். "தயிர் சாதம் ஓகே. மோஷன் ரெண்டு தடவை. மதியம் என் செருப்பு ஒண்ணு ரிஜெக்ட்."

ஒருநாள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் வந்து நின்றார். கையில் வெள்ளைப் பொமரேனியன். குரலைக் கேட்டதும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. தண்டபாணி சார். என் லைனுக்கு சூப்பர்வைசர். ஒரு வயர் மாறிப்போனால் கேண்டீன் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவார். வீட்டம்மாவுக்கும் வேலை கிடைத்துவிட்டதாம்.

"பேரு சார்?" என்றேன், பேனாவோடு.

சுற்றுமுற்றும் பார்த்தார். "பேரெல்லாம் எதுக்கும்மா? தண்டபாணி நாய்னு எழுதிக்க."

அந்த நாய்க்கு வந்த அன்றைக்கே சிவப்பும் மஞ்சளும் சேர்த்துச் சுற்ற வேண்டியதாயிற்று. சாயங்காலம் அவர் கைகட்டி நிற்க, நான் டிஃபெக்ட் லிஸ்ட் வாசித்தேன். பத்தொன்பது வருஷத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷமான நாள் இருந்ததில்லை.

3. எட்டுதான் இருக்கிறது

முத்துலட்சுமி வருகிற பஸ்ஸின் ஹாரன் ஜாங்கிரிக்கு மனப்பாடம். அதே பஸ்தான் மதியம் ஒன்றரைக்கு பி ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். ஹாரன் கேட்டால் ஜாங்கிரி கேட்டுக்கு ஓடும். "இது உன் பஸ் இல்ல" என்பேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பும். தினமும் இதே கதைதான்.

அன்றைக்கு ஹாரன் அடித்த நேரம் பார்த்து தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தார். கேட்டைத் திறந்தேன். அவர் உள்ளே வைத்தார், போனார். ஒன்றே முக்காலுக்குத் தலை எண்ணினால் எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டு. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பார்த்தேன். வெளியே ஓடினேன். கேன்காரர் நாலு வீடு தள்ளி நின்றிருந்தார்.

"அண்ணே, ஜாங்கிரியப் பாத்தீங்களா?"

"அது பஸ்ல ஏறிச்சேக்கா. க்யூல நின்னுதான் ஏறிச்சு. நீங்கதான் அனுப்பி வைக்கறீங்கன்னு நெனச்சேன்."

முத்துலட்சுமிக்கு அந்த மாதம் டிரெய்னிங் முடிகிறது. பர்மனென்ட் லெட்டர் வர வேண்டிய நேரம். ஃபைலில் ஒரு ரிமார்க் விழுந்தால் போச்சு. போன் பண்ணவும் முடியாது, ஷாப் ஃப்ளோருக்குள் போன் கூடாது, லாக்கரில் கிடக்கும். இரண்டரைக்கு ஏ ஷிஃப்ட் வெளியே வந்துவிடும். அதற்குள் நாயை வெளியே கொண்டுவந்தாக வேண்டும்.

எதிரே கன்னியப்பன் வந்தார். ரெஜிஸ்டரை அவர் கையில் திணித்தேன். "ஒரு மணி நேரம் பாத்துக்கங்க."

"இன்னாது? நான் நாயைக் கண்டா பத்தடி தள்ளிப் போறவன்மா!"

"அதுங்களும் உங்களைக் கண்டா தள்ளித்தான் போகும்" என்று சொல்லி, அவரை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி என்னை நிறுத்தினார். பழைய ஆள்தான்.

"நீங்க வேலையை விட்டவங்க. பாஸ் இல்லாம உள்ள விட முடியாதும்மா."

"ஒரு நாய் உள்ள போச்சே, அதுக்கு பாஸ் இருந்துச்சா?"

அவர் முகம் வெளிறியது. "ஷிஃப்ட் கூட்டத்தோட கூட்டமா போயிடுச்சும்மா. எல்லார் மூஞ்சியையும் பாத்தேன், கால் பக்கம் பாக்கல." விசிட்டர் பாஸ் உடனே கிடைத்தது.

ஜாங்கிரி லேடீஸ் லாக்கர் ரூம் வாசலில், முத்துலட்சுமியின் செருப்பு மேல் தலை வைத்துப் படுத்திருந்தது. சுற்றிலும் பி ஷிஃப்ட் பெண்கள் குந்தி உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் டிபனிலிருந்து முட்டை ஊட்டினாள். பஸ்ஸில் சீட்டுக்கடியில் பையால் மறைத்துக் கூட்டிவந்ததே இவர்கள்தான் என்று பிறகு தெரிந்தது. நடுவில் புது ஹெச்.ஆர். மேடம், கையில் ரூல் புத்தகத்தோடு.

"யாரோட நாய் இது?"

"என்னோடது மேடம்" என்றேன். அப்போது மணி இரண்டு இருபத்தெட்டு. பட்டையைப் பிடித்து இழுத்தேன். நகரவே இல்லை. சைரன் அடித்தது.

ஏ ஷிஃப்ட் வெளியே வந்தது. முன்னால் தண்டபாணி சார், பின்னால் முத்துலட்சுமி. நான் கண்ணால் சைகை காட்டினேன், தெரியாத மாதிரி போய்விடு என்று. ஜாங்கிரிக்கு அந்த சைகை புரியவில்லை. பட்டை என் கையோடு வந்துவிட்டது. நாய் பறந்தது. அவள் தோளில் ரெண்டு காலையும் போட்டு, முகமெல்லாம் நக்கி, தொப்பியைப் பிடுங்கி, கீழே விழுந்து உருண்டு, எழுந்து மறுபடி பாய்ந்து, ஒரே ரகளை.

மேடம் என்னைப் பார்த்தார். "உங்க நாயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் முத்துலட்சுமி சொன்னாள். "எங்க நாய்தான் மேடம். அக்கா எனக்காகச் சொல்லுதாவ. எந்தத் தண்டனைன்னாலும் எனக்கே குடுங்க."

நான் முன்னால் போனேன். "நாய் அவளோடது. தப்பு என்னோடது. எழுதித் தர்றேன்" என்றேன். பேப்பர் வாங்கி, அந்தக் கம்பெனியில் எனக்குத் தெரிந்த ஒரே முறையில் எழுதினேன். ஒவ்வொரு தப்புக்கும் ஐந்து தடவை 'ஏன்' கேட்கும் ரிப்போர்ட். மேடம் அதைச் சத்தமாகப் படித்தார்.

"நாய் ஏன் கம்பெனிக்குள் வந்தது? பஸ்ஸில் ஏறியதால். ஏன் ஏறியது? கேட் திறந்திருந்ததால். கேட் ஏன் திறந்திருந்தது? தண்ணீர் கேன் வந்ததால். கேன் உள்ளே வரும்போது நாய் ஏன் வெளியே போனது? ஒரே ஒரு கேட் இருப்பதால். ஏன் ஒரே கேட்? நாய்க்கு என்னைவிட அறிவு இருக்கும் என்று நான் நினைக்காததால்."

கடைசி வரியில் மேடத்தின் குரல் உடைந்தது. ரூல் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

"சூப்பர்வைசர் என்ன சொல்றீங்க?"

தண்டபாணி சார் தொண்டையைச் செருமினார். "மேடம், என் லைன்ல இந்த ரெண்டு மாசமா திடீர் லீவு கொறஞ்சிருக்கு. அதுக்கு இந்தம்மாதான் காரணம். நாயை வெச்சிருக்கறவங்கல்லாம் இப்ப நிம்மதியா வேலைக்கு வர்றாங்க. ஏன், எங்க குட்டிமாவும் அங்கதான்..."

நிறுத்திவிட்டார். ஆனால் சொல்லியாகிவிட்டது. இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் கேட்டுவிட்டார்கள். பின்னாலிருந்து யாரோ மெதுவாக, "குட்டிமா?" என்றார்கள். அப்புறம் அங்கே யாராலும் நிற்க முடியவில்லை. செக்யூரிட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தண்டபாணி சாரே சிரித்தார். அவருக்குப் பல் வரிசை அவ்வளவு அழகு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ரெண்டாவது கேட் போட்டு போட்டோ அனுப்புங்க. இதை நான் க்ளோஸ் பண்றேன்" என்றார் மேடம். ஜாங்கிரி அதே பஸ்ஸில், ஜன்னல் சீட்டில், முத்துலட்சுமி மடியில் உட்கார்ந்து ஊர் திரும்பியது. பின்னாலேயே ஸ்கூட்டியில் நான்.

வீட்டில் கன்னியப்பன் டைனிங் டேபிள் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே எட்டும் தூங்கிக்கொண்டிருந்தன. "சத்தம் போடாத, எழுந்துடப் போவுதுங்க" என்று கிசுகிசுத்தார். ரெஜிஸ்டரை வாங்கிப் பார்த்தேன். மணி தவறாமல் தலை எண்ணி எழுதியிருந்தார். ஜாங்கிரிக்கு நேராக மட்டும் 'ஆன் டியூட்டி'.

சாயங்காலம் முத்துலட்சுமி வந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன்.

"நீங்க எனக்காகத்தான் பொய் சொன்னீயக்கா. ஆனா அது ஓடி வரும்போது நான் யாரோ மாதிரி நின்னுருந்தா, அதுக்கப்புறம் அது மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றாள். அந்த மாதக் கடைசியில் அவளுக்கு பர்மனென்ட் லெட்டர் வந்தது.

நடந்ததை மற்ற எட்டு ஓனர்களுக்கும் அன்றைக்கே நானே போன் போட்டுச் சொன்னேன். ரெண்டு பேர் நாயை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் திரும்பி வந்தார், ஒருவர் வரவில்லை. அந்த வாரமே முதல் கேட்டுக்கு உள்பக்கம் ரெண்டாவது கேட் போட்டேன், ஒன்றைச் சாத்தின பிறகுதான் மற்றதைத் திறப்பேன்.

இப்போது இந்த வேலையை ஆரம்பிக்க நினைக்கிற சின்னப் பெண்கள் என்னிடம் வந்து என்ன வாங்க வேண்டும், என்ன சாப்பாடு போட வேண்டும் என்று கேட்கிறார்கள். அதெல்லாம் ஒரு வாரத்தில் தானாகத் தெரிந்துவிடும். லைனில் கையை ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருத்தி எட்டு மணி நேரம் நம்மை நம்பி நாயை மறந்திருக்கிறாள். அவளிடம் மறைக்கக் கூடாது, அவளுக்கு நல்லது என்று நினைத்தும் மறைக்கக் கூடாது. ஒவ்வொரு புது ஓனரையும் முதல் நாள் ரெண்டு கேட்டுக்கும் நடுவில் நிறுத்தி, என் கையை விட்டு ஒரு நாய் போன கதையை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் சேர்க்கிறேன். கேட்டுவிட்டுச் சிலர் நாயோடு திரும்பிப் போகிறார்கள். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள்.