இரைச்சலுக்குப் பத்து மார்க்

பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய மார்க்கையெல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் ஒரு பாடம் பாஸாகாது. எட்டாம் வகுப்போடு நானும் படிப்பும் சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்துவிட்டோம். அப்படிப்பட்டவனிடம் வந்து, நீ மார்க் போடு என்று யாராவது கேட்டால் தலைகால் புரியுமா?

கேட்டது என் மனைவி. கல்லூரி சொல்லி அவள் கேட்டாள்.

நாங்கள் ஆவடியில் இருக்கிறோம். இருந்தோம் என்று சொல்ல வேண்டும், இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் காலர் தைத்தாள். காலர் மட்டும்தான். மீதிச் சட்டையை வேறு யாரோ தைப்பார்கள், முழுச் சட்டையை அவள் பார்த்ததே இல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிக் கேட்க வேண்டியவர்களெல்லாம் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். முப்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு நாள், டிகிரி படிக்கப்போகிறேன் என்றாள். தபாலில் பாடம் வரும், சனி ஞாயிறு வகுப்பு. பத்திரிகை, டிவி, வீடியோ பற்றிய படிப்பு.

"படிச்சிட்டு இன்னாமே பண்ணப்போற? டிவில நியூஸ் வாசிப்பியா?"

"ஊட்ல மூணு வேளயும் ஒன் நியூஸயே கேட்டுகினு கீறேன். வேற யாராச்சும் பேசறதயும் கேக்கணும்யா."

கடைசி வருஷம் ஒரு சின்னப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வீடு போகும் பெண்கள் ஷேர் ஆட்டோவில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை அவள் எடுத்துக்கொண்டாள். வாடகை கேட்காத ஆட்டோவும் சம்பளம் கேட்காத டிரைவரும் வீட்டிலேயே இருந்ததால் வந்த தலைப்பு என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

மூன்று வாரம் சாயங்கால சவாரிகளில் என்னோடு வந்தாள். பின்னால் உட்காரும் பெண்களின் துப்பட்டாவில் குட்டி மைக்கைக் குத்திவிட்டு, முன்னால் என் இடப்பக்கம் உட்கார்ந்து போனைப் பின்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வாள். ஷேர் ஆட்டோவில் முன் சீட் ஒருவருக்கானது. அதில் இன்னொருவரை ஏற்றினால் டிரைவர் வலப்பக்கம் நகர்ந்து அரை சீட்டில் உட்கார்ந்து, பாதி உடம்பு ரோட்டுப் பக்கம் தொங்க ஓட்ட வேண்டும். யாரை ஏற்றினாலும் இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். அந்த மூன்று வாரமும் பிடித்துத்தான் இருந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை.

படத்தை எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாதாம். அதற்கு உதவிய ஆப், வெப்சைட் ஒவ்வொன்றையும் எடைபோட்டு ஒரு ஷீட் தயாரிக்க வேண்டும். எதற்குப் பயன்பட்டது, எங்கே சொதப்பியது, பத்துக்கு எத்தனை. அந்த ஷீட்டில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'பயிற்சி இல்லாத பயனர் தரும் மதிப்பெண்'.

"அப்டின்னா இதப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒர்த்தன் தொட்டுப் பாத்துட்டு மார்க் போடணும்" என்றாள்.

"ஆவடில எத்தினி பேர் கீறாங்க. நாந்தான் கெடச்சனா?"

"ஒன்னாட்டம் சுத்தமா ஒண்ணுமே தெரியாதவன் வேற யாருயா கீறான்?"

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீயோடு உட்கார்ந்தோம். ஷீட்டும் ஃபைல்களும் இருந்த ஃபோல்டரை என் போனிலும் திறக்கும்படி செய்து கொடுத்தாள். முதலில் வந்தது வீடியோவை வெட்டி ஒட்டும் ஆப். வேலையெல்லாம் முடிந்த பிறகு படத்தின் மூலையில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, எடுக்க வேண்டுமானால் காசு கட்டு என்றது.

"இன்னாமே இது, கோயிலுக்கு ட்யூப்லைட்டு குடுத்துட்டு வெளிச்சமே தெரியாத மாதிரி உபயம்னு எழுதுறவனாட்டம் கீது? மூணு போடு."

அடுத்தது, பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வெப்சைட். பெண்கள் பேசியதில் பாதிக்கு மேல் எழுதிவிட்டது. நான் இரண்டு நிமிஷம் பேசிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வெள்ளைத் திரையைக் காட்டி, மறுபடி பேசவும் என்றது.

"யோவ், அதுக்கு ஒன் தமிள் புரியல."

"எனக்குந்தான் பள்ளிக்கூடத்துல ஒண்ணும் புரியல. என்ன வுட்டாங்களா? இத்தயும் ஃபெயிலு பண்ணு. ஒண்ணே ஒண்ணு குடு, வந்து குந்துனதுக்கு."

நான் சொல்வதை மாற்றாமல் அப்படியே விளக்கம் என்ற கட்டத்தில் அடித்தாள். அடிக்கும்போது தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரிப்பதற்காகக் கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள். எவ்வளவு கடித்தாலும் கடைசியில் ஒரு சத்தம் மூக்கு வழியாக வந்துவிடும்.

மூன்றாவது, இரைச்சலை நீக்கும் வெப்சைட். ஆட்டோவில் எடுத்த ஒலியைக் கொடுத்தால் இரண்டு ஃபைலாகப் பிரித்துத் தரும். ஒன்றில் சுத்தமான பேச்சு, இன்னொன்றில் நீக்கிய இரைச்சல். சுத்தமானதை ஓடவிட்டாள். பெண்கள் ஏதோ ஏசி அறைக்குள் உட்கார்ந்து பேசுவது போல் கேட்டது. எஞ்சின் இல்லை, ஹாரன் இல்லை. ஸ்டாப்புக்கு ஸ்டாப் தலையை வெளியே நீட்டி நான் கத்துவேனே, அதுவும் இல்லை.

"யோவ், ஒன் கொரலயும் தூக்கிட்டுதுயா!"

"பன்னண்டு வருஷமா நீ அடக்கப் பாத்த வாய ரெண்டு நிமிஷத்துல அடக்கிட்டுதா? பத்துக்குப் பத்து போடுமே. இத்த ஊட்டு வாசல்ல பர்மனெண்டா மாட்டி வெக்கணும்னு எழுது."

அதையும் எழுதினாள். மூக்குச் சிரிப்பு வந்ததில் டீ நைட்டியில் கொட்டியது.

அவளுக்கு நல்ல மார்க் வந்தது. அடுத்த மாதமே பெங்களூரில் ஒரு ஆபீஸில் வேலையும் வந்தது. வீடியோவில் பேசுவதைக் கேட்டுக் கீழே வரிகளாகப் போடும் வேலை. விண்ணப்பத்தோடு அந்த ஷீட்டையும் வைத்திருக்கிறாள். படத்தைவிட ஷீட்டைப் படித்துத்தான் அங்கே சிரித்தார்களாம். ஆக, அவளை ஊரைவிட்டு அனுப்பியதில் என் வாய்க்கும் பங்கு உண்டு.

போ என்று நான்தான் சொன்னேன். இத்தனை வருஷம் காலர் தைத்தவள், முழுச் சட்டையைப் பார்க்கட்டுமே. நான் ராஜா மாதிரி இருப்பேன், உன் தொல்லை இல்லாமல் தூங்குவேன் என்றெல்லாம் அளந்தேன். குமணன்சாவடியில் பெங்களூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னாயா மூஞ்சி இப்டி கீது?"

"வெயிலு."

"ஒரு வாட்டி சிரியேன்."

"நீ ஏறாம பஸ்ஸு போய்டுச்சுன்னா நா சிரிச்சிகினே இருப்பேன்."

ஏறிவிட்டாள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருகிறாள். நடுவில் தினமும் போன் உண்டு. ஆனால் நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு அடுத்தவர் பேச்சைக் கேட்பவள் அவள். சாயங்காலம் ஆனால் காது வலிக்கிறதாம். அதனால் நான் குறைத்துக்கொண்டேன். சாப்ட்டியா, சாப்ட்டேன், வெக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக நான் பேசியது என் வாழ்க்கையில் போலீஸ்காரர் என் வண்டியை மடக்கும்போது மட்டும்தான்.

மதியத்தில் ஸ்டாண்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும், நம் முறை வர முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு நாள் அப்படிக் காத்திருந்தபோது அவள் குரலைக் கேட்க வேண்டும் போல் இருந்தது. படத்தைத் திறந்தேன். அதில் அவள் குரலே இல்லை. தான் கேட்ட கேள்விகளை வெட்டிவிட்டு, மற்றவர்கள் பேச்சை மட்டும் வைத்திருந்தாள். காலர் தைத்த புத்தி. ஃபோல்டரில் இன்னும் என்ன இருக்கிறது என்று தொட்டுக்கொண்டே போனபோது, நீக்கிய இரைச்சல் ஃபைல் ஓட ஆரம்பித்தது.

எஞ்சின் சத்தம். ஹாரன். "பூந்தல்லி பூந்தல்லி, காடுவெட்டி, கரையான்சாவடி, ஏறு ஏறு" என்று ஒரு பேமானி கத்துகிறான். நான்தான். அதற்கும் அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் அவள். மைக் பின்னால் இருந்ததால் முன்னால் இருந்த எங்கள் இரண்டு பேரையுமே அந்த வெப்சைட் இரைச்சல் கணக்கில் சேர்த்துத் தள்ளிவிட்டிருக்கிறது.

"யோவ், பள்ளம். பாத்து."

"ஒனக்கு எடம் பத்துதாயா?"

"அந்தாண்ட நவுராதயா, வுழுந்துடப்போற."

அப்புறம் நான் ஏதோ சொல்கிறேன், என்னவென்று கேட்கவில்லை. ஆனால் அதற்கு வருகிற மூக்குச் சிரிப்பு கேட்கிறது. இருபது நிமிஷ ஃபைலில் ஏழு முறை சிரிக்கிறாள். எந்த இடத்தில் என்பது எனக்கு இப்போது மனப்பாடம். படிக்கிற வயதில் ஒரு செய்யுள்கூட மனப்பாடம் ஆனதில்லை.

தினமும் மதியம் போனைக் காதில் ஒட்டிக்கொண்டு கேட்பேன். பின்வண்டிக்காரன், என் பழைய தோஸ்து, ஒரு நாள் வந்து காதை வைத்தான்.

"இன்னா மாமே, நாளு பூரா ஓட்றது பத்தாதுன்னு போன்லயும் ஆட்டோ சத்தம் கேக்கறியா?"

"எஞ்சின்ல ஒரு கோளாறுடா. கண்டுபுடிக்கிறேன்."

அவன் நம்பிவிட்டான். பாதி மெக்கானிக் அவன். கண்ணை மூடித் தீவிரமாகக் கேட்டான். "செகண்டு கியர்ல அட்ச்சிகினு வருது பாரு. கிளட்சப் பாக்கணும்" என்றான். பிறகு கண்ணைத் திறந்தான். "டேய், யாரோ பொம்பள சிரிக்கிறாங்கடா."

"அதான் கோளாறு."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய் ஒரு டீ வாங்கி வந்து கொடுத்தான்.

போன மாதம் ஒரு மதியம் அவளே கூப்பிட்டாள். சாப்பாட்டு இடைவேளை, பின்னால் டப்பா மூடும் சத்தம்.

"யோவ், அந்த ஃபோல்டர்ல எடமே இல்ல. ஆபீஸ் வீடியோ வெக்கணும். சாயங்காலம் வேண்டாததெல்லாம் தூக்கிடறேன். படம் மட்டும் இருக்கட்டும்."

"வேண்டாததுன்னா இன்னாமே?"

"ஆட்டோல எட்த்த ஒரிஜினலெல்லாம் எப்பவோ தூக்கிட்டேன். அந்த இரைச்சல் ஃபைலு ஒண்ணு மறந்து கெடக்குது."

"அது இருக்கட்டுமே. எஞ்சின் ரிப்பேருக்கு ஒதவுது."

"டபாய்க்காதயா. குப்பைய வெச்சிகினு இன்னா பண்றது? நீயேதான் பத்துக்குப் பத்து போட்ட. மணியாச்சு, வெக்கிறேன்."

வைத்துவிட்டாள். ஃபைலை என் போனில் இறக்கப் பார்த்தேன். இடமில்லை என்றது. எவனெவனோ அனுப்பிய ரோஜாப்பூ காலை வணக்கத்துக்கெல்லாம் இடம் இருக்கிறது. அவற்றை அழிக்கப் போய் எதையோ தொட்டேன், போன் பாட்டுக்குச் சுற்ற ஆரம்பித்தது. தோஸ்தைக் கேட்கலாம், அவன் மறுபடி காதை வைப்பான். இவளைத் திரும்பக் கூப்பிடலாம், என் வாயில் மறுபடி ஜோக்குதான் வரும். நாற்பது வருஷமாக அந்த வாய்க்கு வேறு வழி தெரியாது.

போன் சுற்றி முடித்ததும் ஷீட்டைத் திறந்தேன். இரைச்சல் நீக்கும் வெப்சைட்டின் வரிசையில் நான் போட்ட பத்து அப்படியே இருந்தது. அதை அழித்துவிட்டுச் சைபர் போட்டேன். விளக்கக் கட்டத்தில், ஊட்டு வாசலில் மாட்டி வைக்க வேண்டும் என்ற வரிக்குக் கீழே, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தேன். 'சத்தத்தோட சேத்து என் பொண்டாட்டியவும் எட்த்துட்டுது. அதனால சைபர். அந்த ஃபைல்லதான் அவ கீறா.'

முன்னால் மூன்று வண்டி நின்றது. முதல் வண்டியில் சவாரி ஏறி இரண்டானது. சாயங்காலத்துக்குள் அவள் ஷீட்டைப் பார்ப்பாளா என்று எனக்குத் தெரியாது. யார் ஷீட்டைத் திறந்தாலும் மேலே அவர் பெயரின் முதல் எழுத்தோடு ஒரு சின்ன வட்டம் வரும். அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வண்டி மட்டும் மிச்சம் இருந்தபோது வட்டம் வந்தது. நான் எழுதிய கட்டத்தைச் சுற்றி ஒரு நீலக் கோடு விழுந்து, அங்கேயே நின்றது. வெகுநேரம் நகரவில்லை. பிறகு போன் அடித்தது.

"யோவ்."

"இன்னாமே."

வாயில் ஒரு ஜோக்கைத் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

"அதுல நா இன்னாயா பேசறேன்?"

"பள்ளம்ன்ற. எடம் பத்துதான்ற."

"அவ்ளோதானா?"

"ஏழு வாட்டி சிரிக்கிற."

மூக்கில் ஏதோ சத்தம் வந்தது. அது சிரிப்புதானா என்று சொல்ல முடியவில்லை. "தூக்கமாட்டேன்யா. இருக்கட்டும்" என்றாள். காது வலிக்கப்போகிறது, வை என்றேன். அதற்குள் என் முறை வந்து ஆட்கள் ஏற ஆரம்பித்துவிட்டார்கள்.

"வெக்காத" என்றாள். "போனு பாட்டுக்கு இருக்கட்டும். நீ சவாரி போ."

போனை இடப்பக்கம் சீட்டில் வைத்தேன். பின்னால் நிறைந்துவிட்டது. பருத்திப்பட்டில் சட்டையை இன் பண்ணிய ஒரு ஐடி ஆள் ஓடி வந்தார்.

"அண்ணா, முன்னாடி காலியாதானே இருக்கு? ஏறிக்கட்டுமா?"

"ஆளு கீது சார்."

அவர் சீட்டில் கிடந்த போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். நான் அரை சீட்டில் உட்கார்ந்து ஓட்டினேன். காடுவெட்டியில் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கத்தினேன், ஏற ஒருவரும் இல்லாத ஸ்டாப்பிலும் கத்தினேன். ஒரு அம்மா காதைப் பொத்திக்கொண்டார். செந்நீர்குப்பம் பள்ளம் வந்தபோது மெதுவாக்கி, இடப்பக்கத்திலிருந்து 'பாத்து' என்று வரக் காத்திருந்தேன்.

பூந்தமல்லியில் ஆட்களை இறக்கிவிட்டுப் போனை எடுத்தேன். கால் கட்டாகியிருந்தது. வழியில் எங்கே கட்டானது என்று தெரியவில்லை.