கொரில்லா கழுத்தைப் பிடிக்காது

என் கணவருக்குக் கோபமே வராது. க்யூவில் யாராவது இடித்துக்கொண்டு முன்னால் போனால் ஒதுங்கி வழிவிடுவார். கிழக்கேகோட்டையில் எங்கள் அக்ரஹாரத் தெருவில் அவரைப் பற்றிக் கேட்டால் "ஐயோ பாவம், சாது" என்பார்கள். அந்த மனிதர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொரில்லா முகமூடி மாட்டிக்கொண்டு ஒரு ராக் பாண்டில் பாடுகிறார் என்றால் யார் நம்புவார்கள்? நம்பக்கூடாது என்றுதானே முகமூடி. மேடையில் அவருக்குப் பெயர் கிடையாது, போஸ்டரில் அந்தக் கறுப்பு மூஞ்சி மட்டும்தான். வீட்டில் அது பழைய வேஷ்டியில் சுற்றி, கொலு பெட்டிக்குள் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் கிடக்கும்.

"பயப்படாதேடி. கொரில்லா இலை தழை தின்னுண்டு பேசாம கிடக்கும். மார்ல தட்டிக்கறதெல்லாம், கிட்ட வராதேன்னு சொல்றதுக்குத்தான்" என்பார். நான் பயந்தது கொரில்லாவுக்கு அல்ல, அந்தக் குரலுக்கு. ரிகர்சலில் பதிவு செய்ததை ஒருமுறை போட்டுக் காட்டினார். இரண்டாவது காபி கேட்கவே தயங்குகிற தொண்டையிலிருந்து இப்படி ஓர் உறுமல் எப்படி வந்தது? உள்ளே இத்தனை நாள் யாரை வைத்துக்கொண்டிருந்தார்?

போன மாதம் கல்லாறில், ஆற்றோரத்து ரிசார்ட்டில் பகல் நிகழ்ச்சி. முதல்முறையாக நானும் போனேன். பாட்டு நடுவே ஓர் ஆள் மேடையேறி, "ஆராடா இது, முகம் காணட்டே" என்று மலையாளத்தில் கத்தி முகமூடியைப் பிடித்து இழுத்தான். கொரில்லாவின் கை அவன் கழுத்தைப் பிடித்தது. இதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். அவன் கண் பிதுங்குவதை நான் பார்த்தேன். செத்துவிடுவான், இவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கலாம். கல்யாணமானதிலிருந்து அவர் பெயர் என் வாயில் வந்ததில்லை, அப்போதும் வரவில்லை. எங்கள் வீடுகளில் பெண்டாட்டிகள் கூப்பிடுகிற மாதிரி, "ஏன்னா! ஏன்னா!" என்றுதான் அலறினேன். அத்தனை சத்தத்திலும் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கை விட்டது. அந்த ஆள் உட்கார்ந்து இருமினான். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், கொஞ்ச நேரத்தில் எழுந்து போனான். எனக்கு அழுகை வந்துவிட்டது. எவ்வளவு உள்ளே போனாலும் நான் கூப்பிட்டால் வருகிறார், அது போதும் என்று நினைத்தேன்.

வெயில் தாழ ஸ்கூட்டரில் திரும்பினோம். ஹெல்மெட்டில் அவர் முகம் தெரியவில்லை.

"நான் கூப்பிட்டதும் விட்டேளே, நல்ல வேளை" என்றேன்.

"நீ கூப்பிட்டியா?" என்றார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே. அவன் மூஞ்சி மாறறதைப் பாத்துண்டிருந்தேன். நன்னா இருந்துது. கை வலிச்சுது, விட்டுட்டேன்."

காபி கேட்கிற அதே மெல்லிய குரல். அவர் இடுப்பைப் பிடித்திருந்த என் கையை எடுக்கவும் பயமாக இருந்தது, வைத்திருக்கவும் பயமாக இருந்தது.