நாலாம் குழியில் ஒரு குமிழி

ஜெனி, ரோஷன்,

அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில் ஏ.சி. மெக்கானிக்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறீர்கள். பாதி சரி. மீதிப் பாதியை எழுதி வைக்கிறேன். நான் பத்தாங்கிளாஸ், பிறகு ஐ.டி.ஐ. பெரிய வார்த்தை வராது. ஆனால் இதை நினைத்தாலே இன்னமும் எனக்குக் குஷி தாங்கவில்லை.

ரீஃபர் யார்டு

முதலில் துறைமுகத்தில் ரீஃபர் கன்டெய்னர் பார்த்தேன். ஜப்பானுக்குப் போகும் இறால் ஏற்றிய குளிர்பெட்டிகள். டிஸ்ப்ளேயில் காட்டும் டெம்பரேச்சரை ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போக வேண்டும். ஒருநாள் ஒரு பெட்டி மைனஸ் பதினெட்டு காட்டியது. எழுதினேன், போனேன். உள்ளே சென்சார் மேல் ஐஸ் கட்டியிருக்கிறது. டிஸ்ப்ளே அந்த ஐஸின் குளிரையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கதவைத் திறந்தால் இறால் இளகி ஒரே நாற்றம்.

சூப்பர்வைசர் யார்டே கேட்கக் கத்தினார். "ஏலே, ஜப்பான்காரன் டிஸ்ப்ளேயவால திங்கப் போறான்? பெட்டியப் பாத்தியால நீ?"

கேமரா வந்தது

பிறகுதான் பிள்ளை இல்லாதவர்களுக்குச் சிகிச்சை தரும் இந்த ஆஸ்பத்திரி. கருவைத் தாயின் உடம்புக்கு வெளியே வளர்க்கும் பெட்டிக்கு இன்குபேட்டர் என்று பெயர். உடம்புச் சூடு மாறக்கூடாது, கேஸ் குறையக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது நான்.

போன வருஷம் உள்ளேயே கேமரா வைத்த இன்குபேட்டர் வந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு படம். ஒரு செல் இரண்டாகி, இரண்டு நாலாகி, ஐந்து நாள் வளர்ச்சியும் ஒரு நிமிஷப் படமாக ஓடும். முதல் நாள் பார்த்தபோது டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. அதோடு ஏ.ஐ. என்ற செயற்கை நுண்ணறிவும் வந்தது. ஒவ்வொரு கருவின் படத்தையும் பார்த்து, இது பிழைக்கும், இது கஷ்டம் என்று பத்துக்கு மார்க் போடும். லேபில் கருவைப் பார்க்கும் புனிதா மேடம் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். "அண்ணாச்சி, நான் மணிக்கணக்கா உத்துப் பாக்குறத இது மூச்சு விடுறதுக்குள்ள சொல்லுது!"

தினமும் காலையில் சூடு, கேஸ், மார்க் மூன்றையும் ரிஜிஸ்டரில் எழுதி, படம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து டிக் போடுவதும் என் வேலையானது.

சூசையும் புஷ்பமும்

சூசை கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். அவர் மனைவி புஷ்பம். இரண்டு தடவை சிகிச்சை தோற்றுவிட்டது. ஊசி போட்டுப் போட்டு அந்தப் பெண்ணுக்கு உடம்பு தாங்கவில்லை. இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள். தேறியது ஒரே ஒரு கரு. இன்குபேட்டர் தட்டில் நாலாம் குழியில் இருந்தது.

மூன்றாம் நாள் வரை மார்க் எட்டு. நாலாம் நாள் இரண்டு. ஐந்தாம் நாளும் இரண்டு. நான் எழுதினேன். டிக்கும் போட்டேன்.

டாக்டரம்மா இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். டி.வி.யில் படத்தைப் போட்டுக் காட்ட நான் வயர் மாட்டிக்கொண்டு நின்றேன். "மூணாம் நாளோட வளர்ச்சி நின்னுடுச்சும்மா. இத உள்ள வைக்கிறதுல பிரயோஜனம் இல்ல."

புஷ்பம் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. சூசை டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"டாக்டரம்மா, அந்தக் கறுப்பு வளையம் என்னது?"

"அதுதான் கரு. வளராம நின்னு போச்சு."

"அது காத்துக் குமிழியாக்கும்!"

"ஏங்க, சும்மா இருங்க" என்றது புஷ்பம்.

"நீ இரு ஏளா. தண்ணிக்குள்ள கூட வாரவன் எங்கன இருக்கான்னு அவன் விடுத குமிழிய வச்சுத்தான் கண்டுபிடிப்போம். ஓரம் கறுத்திருக்கும், நடுவுல வெள்ளியா மினுக்கும். எனக்கா தெரியாது? பிள்ளை அதுக்கு அடியில கெடக்கும், பாருங்க!"

இரண்டு நாளாக அந்த வளையத்தைப் பார்த்துத்தான் டிக் போட்டிருந்தேன்.

புனிதா மேடம் லேபுக்கு ஓடினார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, பிப்பெட் என்ற மெல்லிய குழாயால் குமிழியை ஒதுக்கினார். திரையில் அது நகர்ந்தது. அடியில் உருண்டையாக, பளிச்சென்று ஒரு கரு. ஐந்து நாளும் தன் பாட்டுக்கு வளர்ந்திருந்தது!

"அண்ணாச்சி, இருக்கு! இருக்கு!" மேடம் கத்தியது கண்ணாடி தாண்டிக் கேட்டது.

புதுசாகப் படம் எடுத்தபோது அதே ஏ.ஐ. ஏழே முக்கால் போட்டது. அதன் மேல் தப்பு சொல்ல முடியாது; குமிழியைக் காட்டினோம், குமிழிக்கு மார்க் போட்டது. "மார்க்கப் பாத்ததும் நானும் மனசு விட்டு, உத்துப் பாக்காம இருந்துட்டேன்" என்றார் மேடம். நான் டிக் போட்ட கதையை டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அன்று மத்தியானமே கருவைப் புஷ்பத்தின் வயிற்றுக்குள் வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. கர்ப்பம் என்று ரிசல்ட் வந்ததும் சூசை, புஷ்பத்தையும் கூட்டிக்கொண்டு, கையில் மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு லேப் வாசலுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, உங்க கம்ப்யூட்டருக்கும் ஒண்ணு குடுங்க. பாவம், அதுவும் அஞ்சு நாளா முழிச்சுக் கெடந்திச்சு!"

எல்லோரும் சிரித்தோம். புஷ்பம் சிரித்துக்கொண்டே அழுதது.

ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு, நான் ரிஜிஸ்டரை எடுத்து விரித்தேன். மார்க் என்ற கட்டத்துக்கு முன்னால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன். மேலே "கண்ணால் பார்த்தது" என்று எழுதினேன். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், கடைசிப் பக்கம் வரைக்கும் கோடு போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.