தள்ளக்கூடாது என்றால் இழுக்கலாமாம்

என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய அன்று டொக்டர் எவ்வளவோ புத்தி சொன்னார். உப்பைக் குறை, பொரியலைக் குறை, படி ஏறாதே, கோபப்படாதே. இவர் எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். கடைசியில் டொக்டர் எழும்பிக்கொண்டே சிங்களத்தில், "அங்கிள், பர தெயக் தல்லு கரன்ன எபா," என்றார். பாரமான எதையும் தள்ளவேண்டாம் என்று அர்த்தம். 'தல்லு' என்பது எங்கள் 'தள்ளு'தான். கொழும்புத் தமிழருக்கு அதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. அந்த ஒரு சொல்லுக்குத்தான் இவருடைய முகம் கறுத்தது. புல் வெட்டுகிற மெஷினை நினைத்துவிட்டார் என்று எனக்கு உடனேயே விளங்கிவிட்டது.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடல்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. சுற்றிவர எல்லாம் மாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. தனிவீடு வைத்திருக்கிற மிச்சச் சனமும் வாகனம் விட வசதியென்று முற்றத்துக்குக் கல் பதித்துவிட்டது. எங்கள் வாசலில் மட்டும் ஒரு துண்டுப் புல் நிலம். இவர் கணக்காளராக வேலை பார்த்த காலம் முழுவதும் சனிக்கிழமை பின்னேரம் என்றால் அந்தப் புல்லோடுதான். மெஷினும் எஞ்சின் இல்லாத பழைய இரும்பு மெஷின். கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினால் இரண்டு பக்கச் சில்லும் உருண்டு, உருளையில் இருக்கும் அலகுகள் சுற்றி வெட்டும். வெட்டி முடித்துவிட்டு வாசற்படியில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட மனிசன் என்னை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியால் வந்தபிறகு யன்னலோரக் கதிரையே கதியென்று கிடந்தார். மழைக்காலம் வேறு. புல் வளர வளர மனிசன் சுருங்கிக்கொண்டு போனார். காலமைப் பேப்பர் விரிக்காமலே கிடக்கும். புட்டு வைத்தால் "ஏன் இவ்வளவு?" என்பார். ஒருநாள், "இனி நான் ஒண்டுக்கும் உதவாதவன்," என்றார். கடவுளே, அந்தச் சொல் என்னைப் போட்டு என்ன பாடு படுத்தியது! ஆனால் நான் வேறு விதமாகத்தான் யோசித்தேன். புல் இருந்தால்தானே வெட்ட ஆசை வரும்? புல் இல்லாமல் நான் இருப்பேன். மனிசன் இல்லாமல் இருக்க என்னால் முடியாது.

"இஞ்சருங்கோ, முத்தத்துக்குக் கல்லுப் பதிப்பம்," என்றேன்.

"முதல்ல என்னைப் புதைச்சுப்போட்டு, அதுக்கு மேல பதியும்," என்றார்.

சரியென்று பக்கத்துப் பாமன்கடைப் பகுதியிலிருந்து கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்தேன். தோளில் கொளுவிக்கொண்டு நைலோன் நூலால் வெட்டுகிற மெஷினோடு வந்தார். சுறுசுறுப்பான ஆள், குறை சொல்லக்கூடாது. ஆனால் அவர் போனபிறகு பார்த்தால் நிலத்துக்கு மொட்டை அடித்த மாதிரி அங்கங்கே மண் தெரிந்தது. கல் ஒன்று தெறித்து யன்னல் கண்ணாடியும் வெடித்துவிட்டது. இவர் கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புல்லைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

புல் திரும்பவும் தழைத்து எழும்பிய ஒரு பின்னேரம் நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்து கேற்றைத் திறந்தேன். இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். கையில் மெஷின். அதைத் தன்பக்கம் இழுத்து இழுத்து, ஒவ்வோர் அடியாகப் பின்னுக்கு வைக்கிறார்.

"ஐயோ! என்ன வேலை பாக்கிறியள்? டொக்டர் என்ன சொன்னவர்?"

"தல்லு கரன்ன எபா எண்டவர்," என்றார், வெகு நிதானமாக. "நான் தள்ளேல்லையே. அதின்ன எபா எண்டு அவர் சொல்லேல்லை."

அதின்ன என்றால் சிங்களத்தில் இழுக்க. முப்பது வருஷத்துக்கு மேல் அலுவலகச் சுற்றுநிருபங்களுக்கு அர்த்தம் கண்டுபிடித்த மனிசன் அல்லவா! தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

"பின்னுக்கு இழுத்தால் அலகு சுத்தாது. ஒரு புல்லும் வெட்டுப்படேல்லை, பாருங்கோ. படுத்துத்தான் கிடக்குது."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ இழுத்தனீங்கள்?"

மெஷினைக் குனிந்து பார்த்தார். பிறகு, "சில்லுச் சத்தம் ஒருக்காக் கேக்கவேணும் போல இருந்தது," என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. வாய்க்கு வந்தபடி ஏசி, கதிரையில் கொண்டுவந்து இருத்திவிட்டு, குசினிக்குள் போய் அழுதேன். இந்த மனிசனைக் கல்லால் மூடிய முற்றத்துக்கு முன்னால் இருத்தி வைத்தால் உயிர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் நானே கேட்டேன். இழுத்த கதையைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சொன்னார்: இப்போது மெல்ல மெல்ல வேலை செய்யலாம், உடம்புக்கும் நல்லது. மூச்சு வாங்காமல், பக்கத்தில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலையாக இருக்கவேண்டும். நெஞ்சு இறுகினால் அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும். பாரத்தைத் தள்ளுவது மட்டும் கூடாது.

அன்றிலிருந்து அந்த மெஷினின் பாரத்தைக் குறைப்பதுதான் என் வேலையாகிவிட்டது. போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். கடற்காற்றுக்குத் துருப்பிடிக்கும் என்று இவர் அதற்கு வழக்கமாக நல்லெண்ணெய் பூசுவார். நல்லெண்ணெய் பட்டால் எதுவும் நல்லாகும் என்பது எங்கள் யாழ்ப்பாணத்துச் சனத்தின் அசைக்கமுடியாத நம்பிக்கை. அந்த எண்ணெயில் தூசியும் புல்லும் ஒட்டிப் பிசினாகி, உருளை சுற்றவே மாட்டேன் என்று நின்றது. அதைச் சுரண்டிக் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். அலகைக் கடையில் கொடுத்துத் தீட்டுவித்தேன். பாதிப் பாரம் அதோடு போய்விட்டது.

பிறகு முற்றம். நடுவில் நின்ற என் குரோட்டன் சட்டிகளை மதிலோரம் அடுக்கினேன். மூலைகளை வளைவாக்கினேன். ஓரத்தில் செங்கல்லை மண்ணோடு மட்டமாகப் பதித்ததால் மெஷின் சில்லு அதன்மேல் ஏறி ஓடும். குனிந்து கத்திரிக்கோலால் வெட்டத் தேவையில்லை. ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்குப் போய்த் திரும்பாமல், முறுக்குப் பிழிகிற மாதிரி வெளியிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றி வந்தால் மெஷினைத் தூக்கித் திருப்பும் தொல்லை இல்லை. அலகைக் கொஞ்சம் உயர்த்தி, ஈரம் காய்ந்தபிறகு, வளரவிடாமல் அடிக்கடி நுனியை மட்டும் எடுத்தால் போதும். வெட்டின நுனியை அள்ளவும் வேண்டாம். அது அங்கேயே உக்கிப் பசளையாகிவிடும்.

அப்படியும் தள்ளுகிற வேலை ஒன்று இருக்கத்தான் செய்தது. அதற்குக் கொடிக்கயிற்றை எடுத்து மெஷினின் முன்பக்கம் இரண்டு கரையிலும் கட்டினேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நின்றேன். பாரம் எனக்கு, கைப்பிடியைப் பிடித்துத் திசை காட்டுவது மட்டும் அவருக்கு.

"நீர் என்ன மாடோ?" என்றார்.

"ஓம், நீங்கள் உழுறவர். வாயைப் பொத்திக்கொண்டு பிடியுங்கோ."

"வாயைப் பொத்தினால் எப்பிடி? கதைச்சுக்கொண்டெல்லோ வெட்டச் சொன்னவர்."

முதல்நாள் பல்கனிகளெல்லாம் நிறைந்துவிட்டன. துணி காயப்போட வந்த ஒருத்தி மேலேயிருந்து, "அனே, ஆன்ட்டி பவ்!" என்று எனக்காகப் பரிதாபப்பட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு கிழமையில் அதுவும் பழகிவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, மனிசன் கதைத்தார்! கல்யாணம் கட்டின நாளிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. நான் முன்னால் போகிறேன், அவர் பின்னால் வருகிறார். முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லாததால்தானோ என்னவோ. தன் முதல் வேலையில் மேலதிகாரியிடம் வாங்கின ஏச்சு, தாயிடம் சொல்லாமல் பார்த்த படம், எல்லாம் கதைத்தார். ஒருநாள் கடைசிச் சுற்றில், "ஒப்பரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டுபோகேக்க சாகிறதுக்குப் பயப்படேல்லை நான். உம்மைத் தனிய விட்டுட்டுப் போறனே எண்டுதான் பயந்தனான்," என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைக்கலாம் என்றால் இரண்டு கையிலும் கயிறு.

போன மாதம் எனக்கு இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார் என்று மறைத்தேன். பாதி முற்றம் வெட்டியிருப்போம், திடீரென்று கயிறு இறுகி நின்றது. பின்னால் பேச்சையும் காணவில்லை. கயிற்றைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினேன்.

"என்னப்பா? நெஞ்சு நோகுதோ? இருங்கோ, இதில இருங்கோ!"

"எனக்கு ஒண்டுமில்லை," என்றார். "நீர் நொண்டுறீர்."

"அது சும்மா."

"அந்தக் கல்லுப் பதிக்கிற ஆக்களை நாளைக்கு வரச் சொல்லும்."

நான் அவரைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்குப் புல்லு வேண்டாமோ?"

"முன்னால நீர் போகாட்டில் எனக்கு என்னத்துக்குப் புல்லு?"

அவர் என் தோளைப் பிடித்து அந்தப் புல்லிலேயே இருத்தி, தானும் பக்கத்தில் இருந்து, என் முழங்காலைப் பிடித்துவிடத் தொடங்கினார். தேர்த் திருவிழாச் சனநெரிசலில்கூட என் கையைப் பிடிக்காத மனிசன்.

"ஆக்கள் பாக்கினம்," என்றேன்.

"பாக்கட்டும்."

"கல்லு வேண்டாம்," என்றேன். "கால் சுகம் வரட்டும். ஆறுதலாய் வெட்டுவம்."

பாதி முற்றம் வெட்டியும் பாதி வெட்டாமலும் கிடந்தது. ஒரு புல் நீண்டு நின்றாலே திரும்பிப் போய் வெட்டுகிறவர் அதை ஒருக்கால் பார்த்தார்.

"கிடக்கட்டும்," என்றுவிட்டு என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.