ஒன்பதாம் கட்டத்தில் ஐந்து பேர்

என் சித்தி எந்த வாசலிலும் நேரே நுழைய மாட்டாள். "மீட்டர்" என்று ஒரு குரல் கொடுப்பாள். அங்கேயே நின்று மனசுக்குள் பத்து வரை எண்ணுவாள். அப்புறம்தான் காலை உள்ளே வைப்பாள். குடிநீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் தண்ணீர் மீட்டரில் அளவு எடுப்பது அவள் வேலை, அதனால் வெளியே அப்படிச் செய்வதில் வியப்பில்லை. வீட்டிலும் அப்படித்தான். நான் கல்லூரியில் சேர்ந்து அவள் வீட்டில் தங்கிய முதல் வாரம், என் அறைக் கதவுக்கு வெளியே "மீட்டர்" என்று கேட்டது. அந்த அறையில் குழாயே கிடையாது. "பயந்துடாதே, துவைச்ச துணி கொண்டாந்திருக்கா" என்று கூடத்திலிருந்து சித்தப்பா சொன்னார். கல்யாணமான புதிதில் சமையலறைக்குள் போகக்கூட அவள் அப்படி நின்றாளாம். "உள்ள நான்தாண்டி இருக்கேன், வா" என்று இவர் கூப்பிட வேண்டியிருந்ததாம்.

எதற்குப் பத்து என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுக்குள்ள அழறவங்க மூஞ்சியத் துடைச்சுக்கலாம். சண்டை போடறவங்க சிரிச்சுக்கலாம். துண்டோட நிக்கிற ஆளு சட்டையத் தேடிக்கலாம்."

"அஞ்சு எண்ணினா போதாதா?"

"சட்டை கெடைக்காதுடி."

இப்படிப் பதினொரு வருடம், மாதம் நானூற்றுப் பன்னிரண்டு வீடு. தோளில் ஒரு ஈரத்துணி, மீட்டர் கண்ணாடியைத் துடைக்க. கையில் ஒரு டார்ச். ரப்பர் பேண்டு கட்டிய மூக்குக்கண்ணாடி, குனியும்போது நழுவாமல் இருக்க. இத்தனை வருடமும் தற்காலிகப் பணிதான். நிரந்தரம் செய்யப்பட வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று மண்டல அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. பத்தொன்பது பெயர்களில் அவள் ஏழாவது. நடந்து நடந்து முழங்கால் தேய்ந்துபோன சித்திக்கு, மருத்துவ விடுப்பு எடுத்தால் வேலை போகாது என்கிற நிலைமை வேண்டியிருந்தது. அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஊரெல்லாம் "எம்பொண்ணு ஆபீசரு" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில், சித்தி சொல்லிவைத்ததால் அதே மண்டல அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை கிடைத்திருந்தது. மீட்டர் எடுப்பவர்கள் கையால் நிரப்பிவரும் படிவங்களைக் கணினியில் ஏற்றுவது. மூன்று வருடம் அரசியல் அறிவியல் படித்தது இதற்குத்தானா என்று தினமும் ஒருமுறையாவது நினைத்துக்கொள்வேன். படித்ததை வைத்து நான் என்ன செய்தேன் என்பதற்கு இனி வருவதுதான் பதில்.

நான் சேர்ந்த நான்காம் மாதம் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. செய்தித்தாளின் உள்பக்கத்தில், மழை நிலவரத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். அதன்படி, வேலை நிமித்தமாக வீடுகளுக்குள் போகிற அரசுப் பணியாளர் எல்லோரும் அங்கே கண்டதை எழுதித் தர வேண்டும். அதுவரை எட்டுக் கட்டம் இருந்த எங்கள் படிவத்தில் ஒன்பதாவதாக ஒன்று முளைத்தது. "வீட்டில் காணப்பட்ட நபர்கள், கூட்டங்கள், ஐயத்துக்குரிய பொருட்கள்."

முதல் மாதம் சித்தி எல்லா வீட்டுக்கும் "பார்க்கவில்லை" என்று எழுதினாள். கணினி அதை ஏற்கவில்லை. ஒன்பதாம் கட்டத்தில் குறைந்தது இருபது எழுத்து வேண்டுமாம்.

"இருபது எழுத்துக்கு நான் எங்கடி போவேன்?"

"மத்தவங்கள்லாம் எழுதறாங்களே சித்தி."

எழுதத்தான் செய்தார்கள். வெயிலோ மழையோ குடையில்லாமல் வெளியே வராத ஒருவர் எங்கள் அலுவலகத்தில் உண்டு. அவருக்குக் குடை என்றே பெயர். தனக்கு ஒருநாளும் தண்ணீர் தராத ஒரு வீட்டைப் பற்றி, "இங்கே யாரும் சிரிப்பதில்லை, காரணம் தெரியவில்லை" என்று அவர் எழுதியிருந்தார்.

சித்தி தான் பார்த்ததை மட்டும் எழுதினாள். பார்த்ததெல்லாம் மீட்டர்தான்.

"மீட்டர் பெட்டிக்குள் ஒரு தவளை. விசாரித்தேன். பதில் இல்லை."

"பெட்டி மேல் ரோஜாத் தொட்டி வைத்திருக்கிறார்கள். தூக்கி வைத்தேன். நல்ல கனம்."

"கண்ணாடி மங்கலாக இருந்தது. துடைத்தேன். மீட்டர் இப்போது நலம்."

தேநீர் நேரத்தில் இவற்றை நான் வாசிக்க, அலுவலகமே கூடி நின்று கேட்கும். கண்காணிப்பாளர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதே வாரம் சித்திக்கு ஒரு குறிப்பாணை வந்தது. கையெழுத்திட்டிருந்தவரும் அவர்தான். பொருத்தமற்ற பதிவுகள் அடுத்த மாதமும் தொடர்ந்தால் நிரந்தரப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும்.

"தவளை கூடாதாம். அடுத்த மாசம் ஓணான்னு போட்டுடறேன்" என்றாள் சித்தி.

"விளையாடாதே. ஏழாவது ஆளு நீ" என்றார் சித்தப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன எதுவும் அவருக்கு விளையாட்டில்லை. "பாத்ததை எழுதிட்டுப் போயேன்."

"நான்தான் பாக்கறதே இல்லியே."

"பாருங்கறேன்."

"பதினோரு வருசமா தரையைப் பாத்தே நடந்துட்டேங்க. இனிமே எப்படித் தலையத் தூக்கறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பார்த்த நான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

படிவங்களைத் தட்டச்சு செய்து அச்செடுப்பது நான். மாதக் கடைசியில் அந்தத் தாள்களில் சித்தி கையெழுத்துப் போடுவாள். இடையில் வேறு யார் கையும் படாது. சித்தி எழுதித் தந்த ஓணான்களை எடுத்துவிட்டு, ஒன்பதாம் கட்டத்தை நானே நிரப்பினேன். யாருக்கும் தீங்கு வராத வரிகளாகப் பார்த்து எழுதினேன். "மாணவர் இருவர் படித்துக்கொண்டிருந்தனர்." "ஒரு பெண்மணி காய் நறுக்கிக்கொண்டிருந்தார்." கல்லூரியில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான், உற்சாகமாகவே இருந்தது. முந்நூறு வீட்டுக்கு மேல் கற்பனை வறண்டுவிட்டது. வரிசையில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரின் வீடு வந்தது. அவரை எனக்குத் தெரியாது. "ஐந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர்" என்று எழுதினேன். எழுதும்போது கலகலப்பான ஒரு குடும்பம்தான் என் மனதில் இருந்தது.

இருபத்தொரு தாள்களிலும் சித்தி படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். "நீ அடிச்சதை நான் என்னத்தப் பாக்கறது" என்றாள். அடுத்தவர் அறையில் எட்டிப் பார்க்காதவள் அடுத்தவர் அடித்த தாளிலும் எட்டிப் பார்க்கவில்லை. அதையும் நம்பித்தான் நான் செய்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். கண்காணிப்பாளர் தாள்களைப் புரட்டிவிட்டு, "இதைத்தானேம்மா கேட்டோம்" என்று அவளைப் பாராட்டினார். தவளை இல்லாததைப் பாராட்டுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த சுற்றில் ஓட்டுநர் வீட்டு வாசலில் நின்று "மீட்டர்" என்றாள். பத்து எண்ணினாள். கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அவரைக் கூட்டிட்டுப் போய் ரெண்டு நாளாச்சுக்கா."

"யாரு?"

"பாதுகாப்புப் பிரிவாம். அவர் வீட்ல கூட்டம் போடறாங்களாம், அஞ்சு பேராம். உங்க ஆபீஸ்லேர்ந்துதான் எழுதிக் குடுத்தாங்களாமே. பதினஞ்சு நாள் வரைக்கும் காரணமே சொல்லாம வச்சிருக்கலாமாம்."

சித்தி மீதி வீடுகளை விட்டுவிட்டு நண்பகலிலேயே வீடு திரும்பினாள். பதினொரு வருடத்தில் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. அன்று எனக்கு வாராந்திர விடுமுறை. நான் மறைக்கவில்லை. அவள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"அந்த மனுசன் பொண்டாட்டி போனதுலேர்ந்து ஒண்டியா இருக்காரு. நாலு பேரை எங்கேர்ந்துடி கூட்டிட்டு வந்தே?"

"நான் போய் உண்மையைச் சொல்லிடறேன் சித்தி."

"கையெழுத்து என்னோடது. நீ சொன்னா உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். ஒண்ணு போதும்."

ஒரு தடவை மறுத்தேன். இரண்டாம் தடவை மறுக்கவில்லை. எத்தனை தடவை மறுத்திருந்தால் அது உண்மையான மறுப்பாகியிருக்கும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை பாதுகாப்புப் பிரிவு அலுவலகத்துக்குத் துணைக்கு நானும் போனேன். அதிகாரி என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். மரியாதையாக உட்காரச் சொன்னார். திறந்தே கிடந்த அவர் அறை வாசலில் சித்தி நின்றாள். அவள் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, "எண்ண வேணாம் சித்தி, கூப்பிட்டாச்சு" என்று மெல்லச் சொன்னேன்.

"ஓட்டுநர் வீட்டைப் பத்தி நான் எழுதினது பொய் சார்" என்றாள் சித்தி.

"பொய்யா? எதுக்கு எழுதினீங்க?"

"இருபது எழுத்து இல்லாம உங்க கம்ப்யூட்டர் வாங்க மாட்டேங்குது சார்."

அவர் பேனாவை எடுத்தார். "சரி. இந்த ஒரு பதிவு தவறுன்னு எழுதிக் குடுங்க. மதியம் அவரை விட்டுடறோம்."

"எல்லாமே பொய் சார். நானூத்திப் பன்னெண்டும்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, ஒண்ணை மட்டும் எழுதுங்க. உங்க மேல பெருசா ஒண்ணும் வராது. எல்லாம் பொய்னு எழுதினா எங்க மேலிடம் வரைக்கும் போகும். உங்க வேலைக்கும் நல்லதில்ல."

"ஒண்ணை மட்டும் பொய்னு எழுதினா மீதி நானூத்திப் பதினொண்ணும் நெசம்னு ஆயிடும். நாளைக்கு காய் நறுக்கற அம்மா வீட்ல போய் நிப்பீங்க, கத்தி எதுக்கு வச்சிருக்கேன்னு."

அதிகாரி சிரித்துவிட்டார். உடனே சிரிக்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டார். சித்தி எல்லாவற்றையும் எழுதித் தந்தாள். எழுத்து கோணலாக இருந்தது, ஒரு வரியில்கூட அடித்தல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பட்டதாரி வாயைத் திறக்கவில்லை.

நான்கு மணிக்கு ஓட்டுநரை வெளியே விட்டார்கள். ஒல்லியான மனிதர், மூன்று நாள் தாடி. கைப்பேசியைத் திருப்பித் தந்தவர்கள் அதன் சார்ஜரைத் தரவில்லை. சித்தி போய் அவர் முன்னால் நின்றாள்.

"நான்தாண்ணே எழுதினேன். மன்னிச்சுக்குங்க."

"மீட்டர்காரம்மாவா?" அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ கதவுக்கு வெளிய நிக்கற நேரத்துல நான் ஒரு தோசையே திருப்பிடுவேனே. நீயா?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

"எங்கிட்ட இருக்கறது ஒரே நாற்காலிம்மா. மீதி நாலு எங்கன்னு கட்டிலுக்கு அடியில எல்லாம் தேடினாங்க. அந்த நாலு பேரு யாரு, யாருன்னு மூணு நாளும் அதே கேள்வி. கேக்கக் கேக்க எனக்கே அவங்களைப் பாக்கணும்னு ஆசை வந்துடுச்சு."

"நான் என்னண்ணே செய்யட்டும்?"

"நாலு பேரைக் கூட்டிட்டு வந்து உக்கார வை. நீ எழுதினது பொய்யில்லன்னு ஆயிடும்."

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்குப் போனால் யாருமில்லை என்பது அவர் குரலில் இருந்தது.

"கூட்டிட்டு வர்றேண்ணே. நாலு பேரு" என்றாள் சித்தி.

அடுத்த வாரம் சுவரிலிருந்த பட்டியலை மாற்றினார்கள். பதினெட்டுப் பெயர்கள், அதில் சித்தி இல்லை. வேலையை விட்டு எடுக்கவில்லை. பேருந்தில் மூன்று மணி நேரம் போக வேண்டிய ஒரு மண்டலத்துக்கு மாற்றினார்கள். "புது ஊரு, புதுத் தவளைங்க" என்றாள். ஒன்பதாம் கட்டத்தை யாரும் நீக்கவில்லை. ஆனால் ஓசையில்லாமல் இருபது எழுத்தை ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். இப்போது எல்லோரும் அங்கே ஒரு புள்ளி வைக்கிறார்கள். குடை மட்டும் இரண்டு வைக்கிறார், ஒன்று விட்டுப்போனால் இருக்கட்டும் என்று.

வீட்டைக் காலி செய்வதற்குள் சித்தி மூன்று பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். முதல் ஞாயிறு தானே போனாள். அடுத்த ஞாயிறு சித்தப்பாவையும் கூட்டிப்போனாள். அவரும் ஓட்டுநரும் பிரேக் பற்றி மூன்று மணி நேரம் பேசினார்களாம். மூன்றாம் ஞாயிறு குடையும் சேர்ந்துகொண்டார். அங்கே தண்ணீர் கேட்காமலே கிடைத்தது என்று திங்கட்கிழமை அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

நான்காவது ஆள் நான். ஒரு ஞாயிறு எனக்குத் தலைவலி. அடுத்த ஞாயிறு அலுவலக வேலை. இரண்டுமே உண்மையில்லை. எழுதியது யார் என்று சித்தி அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. அங்கே போனால் ஒன்று நானே சொல்ல வேண்டும், இல்லையென்றால் சொல்லாமல் அவர் மேசையில் உட்கார்ந்து சிரித்துவிட்டு வர வேண்டும். எதைச் செய்வேன் என்று தெரிந்த பிறகு போகலாம் என்றிருந்தேன்.

சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது சித்தி சன்னல் வழியே, "ஒரு ஆளு பாக்கிடி. என் அக்கா மக வருவா, டிகிரி படிச்சவன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். அதட்டலே இல்லை. அதட்டியிருக்கலாம்.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. அந்தத் தெருவுக்கு இப்போது அளவு எடுக்கப் போகிறவர் குடைதான். ஓட்டுநர் எதிர்வீட்டிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலிகளில் மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். நான்காவதை எதிர்வீட்டுப் பெண் இரண்டு தடவை கேட்டும் தரவில்லையாம். "ஒரு ஆள் இன்னும் வரணும்மா" என்கிறாராம்.